அமிர்தி ரோட்டில் தலைக்கு மேல் பாய்ந்தது எது? பறக்கும் ஓணானா, பாம்பா?

குடியாத்தம் வாத்தியார்

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சின்னப் பஞ்சாயத்து, நீங்கள்தான் தீர்த்து வைக்க வேண்டும்.

போன சனிக்கிழமை நானும் எங்கள் பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியாரும் பைக்கில் ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்திக் காட்டுக்குப் போய்வந்தோம். திரும்பும்போது மணி ஐந்து இருக்கும். ஓடையைத் தாண்டி ஒரு திருப்பம். அங்கே இடப்பக்கத்து மரத்திலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி, தலைக்கு மேலாக ரோட்டைக் கடந்து வலப்பக்கத்து மரத்துக்குள் போய் மறைந்துவிட்டது. ஒரு முழம், ஒன்றரை முழம் நீளம். பழுப்பு நிறம். சிறகடிக்கவில்லை, அதனால் பறவை இல்லை. அணிலும் இல்லை, அது நிச்சயம். எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்தது. நான் கால் எதையும் பார்க்கவில்லை. பி.டி. வாத்தியார் நாலு காலையும் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறார்.

திங்கட்கிழமை எட்டாம் வகுப்பில் இதைச் சொல்லித் தொலைத்துவிட்டேன். மறுநாளே ஒரு பையன் அவன் அப்பா போனுக்கு வந்த வீடியோவைப் பற்றிச் சொன்னான், நானும் வாங்கிப் பார்த்தேன். "ஜவ்வாது மலையில் பிடிபட்ட டிராகன் குட்டி" என்று தலைப்பு. யாரோ ஒருவர் உள்ளங்கையில் ஓணான் மாதிரி ஒன்று, இரண்டு விலாவிலும் விசிறியை விரித்தபடி உட்கார்ந்திருக்கிறது. இப்போது பள்ளிக்கூடம் முழுக்க நான் டிராகன் பார்த்த வாத்தியார். அப்படி ஒரு பிராணி நம்ம பக்கம் உண்டா?

மலைக்காட்டான்

சார், நான் பிறந்து வளர்ந்தது ஜமுனாமரத்தூர் பக்கம். தேனெடுக்கப் போறவங்களோட சின்ன வயசிலிருந்து காட்டுக்குள் சுற்றியவன். உடும்பு பார்த்திருக்கிறேன், பச்சோந்தி பார்த்திருக்கிறேன், பாறை மேல் தலையாட்டுகிற சிவப்பு ஓணான் தினமும் பார்ப்பேன். விசிறி வைத்த ஓணான் ஒரு நாளும் பார்த்ததில்லை. எங்க தாத்தாவும் சொன்னதில்லை.

நீங்க பார்த்தது கொம்பேறி மூக்கன் பாம்பு. அவ்வளவுதான். இழையை மூடிடலாம்.

ஆம்பூர் தோல்

மூட வேண்டாம் அண்ணா, கொஞ்சம் பொறுங்க. வீடியோவில் இருக்கிற பிராணி நிஜம். ஊர்தான் பொய்.

நான் மூணு வருஷம் கர்நாடகாவில் ஷிமோகா பக்கம் வேலை பார்த்தேன். தங்கியிருந்த வீட்டுக்குப் பின்னால் பாக்குத் தோப்பு. அந்த வீட்டுக்காரர் ஒரு நாள் காலையில் கூப்பிட்டு "ஹாருவ ஓதி பார்" என்று ஒரு பாக்கு மரத்தைக் காட்டினார். கன்னடத்தில் பறக்கும் ஓணான் என்று அர்த்தம். நம்ம ஊரில் ஓணானை ஓந்தி என்று சொல்கிறவர்கள் உண்டல்லவா, அதே சொல்தான். மலையாளத்தில் பறயோந்து. அவர் விரல் நீட்டிய இடத்தையே ரெண்டு நிமிஷம் பார்க்கிறேன், மரப்பட்டையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் பட்டையிலிருந்து ஒரு மஞ்சள் சீட்டு வெளியே வந்து உள்ளே போனது. எலுமிச்சை மஞ்சள். திரும்ப வந்தது, திரும்பப் போனது. ஆண் ஓணான் தொண்டைச் சதையை நீட்டிக் காட்டுகிறது. அது தெரிந்த பிறகுதான் தலை தெரிந்தது, கால் தெரிந்தது, வால் தெரிந்தது. மொத்தமே ஒரு சாண், அதிலும் பாதிக்கு மேல் வால். விசிறி மடங்கி உடம்போடு ஒட்டிக் கிடந்ததால் சாதாரண ஓணானை விட ஒல்லியாகத்தான் இருந்தது.

மரத்தில் எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. அது உட்கார்ந்த இடத்தில் இருந்தே ஒவ்வொன்றாக நக்கிச் சாப்பிட்டது. திடீரென்று நாலு அடி மேலே ஓடி, தலைகீழாகக் குதித்தது. விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். பாதி வழியில் உடம்பு அகலமாகி, கீழ்நோக்கிய பாய்ச்சல் படுக்கையாக மாறி, நாலைந்து வரிசை தள்ளி ஒரு மரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஒட்டுவதற்கு முன்னால் தலையை மேலே தூக்கியது, அவ்வளவுதான். "டப்" என்று ஒரு சின்னச் சத்தம். சூயிங் கம்மைச் சுவரில் எறிந்த மாதிரி.

தென்னிந்தியாவில் இருப்பது அந்த ஒரே இனம்தான். டிராகோ டுசுமியரி என்று பெயர். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் கேரளா, குடகு, ஆகும்பே, கோவா என்று போனால் பார்க்கலாம். "டிராகன் குட்டி" என்று தலைப்பு வைத்தவர் தெரியாமலே சரியாகச் சொல்லியிருக்கிறார். 1758இல் லின்னேயஸ் இந்த வகைக்கு வைத்த பெயரே டிராகோ.

குடியாத்தம் வாத்தியார்

ஆம்பூர் தம்பி, படிக்கப் படிக்க நேரில் பார்த்த மாதிரி இருக்கிறது. அப்படியே வகுப்பில் வாசித்துக் காட்டினேன். முன் பெஞ்சுப் பெண் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "சார், விலா எலும்பு வெளியே போயிட்டா நுரையீரலுக்கு யார் சார் காவல்?"

காட்பாடி பிசிக்ஸ்

நல்ல கேள்வி, அந்தப் பெண்ணுக்கு என் சார்பில் ஒரு பேனா வாங்கிக் கொடுங்கள் சார்.

எல்லா விலா எலும்பும் வெளியே போவதில்லை. முன்னால் இருக்கிறவை வழக்கம்போல் நெஞ்சுக்கூடாக வளைந்து மூச்சு வேலையைப் பார்க்கின்றன. அவற்றுக்குப் பின்னால் வருகிற ஐந்து முதல் ஏழு ஜோடிதான் நீண்டு பக்கவாட்டில் போகிறது. குடைக் கம்பி மாதிரி மடக்கலாம், விரிக்கலாம். கம்பிகளுக்கு இடையே தோல். வௌவாலுக்கு இறக்கை என்பது கை. இதற்குக் கை தனி, இறக்கை தனி. முதுகெலும்புள்ள பிராணிகளில் இப்படி விலா எலும்பையே இறக்கைச் சட்டமாக்கியது இன்று உயிரோடு இருப்பதில் இந்த ஓணான் மட்டும்தான்.

அப்படியானால் கை சும்மா இருக்குமா? ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2017இல் ஜெர்மனியைச் சேர்ந்த மாக்சிமிலியன் டெலிங் என்ற ஆய்வாளர் ஆகும்பே பக்கத்து ஓணான்களைப் படம் பிடித்து வெளியிட்டார். குதித்த கையோடு அது முன்னங்கால் இரண்டையும் பின்னால் கொண்டுபோய் விசிறியின் முன் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. நம்ம ஊர்ப் பொம்பளைங்க காற்றில் பறக்கிற முந்தானையை எட்டிப் பிடிப்பது போல. பிடித்து முன்னால் இழுக்கிறது, அதை வைத்துத்தான் திருப்பமும். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் கையை விட்டுவிட்டு மரத்தைப் பிடிக்கத் தயாராகிறது. ஆம்பூர் தம்பி "உடம்பு அகலமாகி" என்று எழுதியது இந்த நொடியைத்தான்.

ஒரு விஷயம். இது பறப்பது இல்லை, சறுக்குவது. உயரத்தைச் செலவழித்துத் தூரத்தை வாங்குகிறது. 60 மீட்டர் போய் 10 மீட்டர் மட்டுமே இறங்கியதாகப் பதிவு உண்டு. 60 மீட்டர் என்றால் காட்பாடி பிளாட்பாரத்தில் ஏறக்குறைய மூணு ரயில் பெட்டி. ஒரு சாண் ஓணானுக்கு அது சாதாரணமா?

வகுப்பில் செய்து காட்ட: ஒரே அளவு காகிதம் ரெண்டு எடுங்கள். ஒன்றைக் கசக்கிப் போடுங்கள், இன்னொன்றை விசிறி மடிப்பு மடித்து நுனியில் ஒரு ஜெம் கிளிப் மாட்டி மாடியிலிருந்து விடுங்கள். கிளிப் எங்கே மாட்டினால் நேராகப் போகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். என் பையன் வீட்டு மொட்டை மாடியிலிருந்து விட்டதில் பாதி பக்கத்து வீட்டு வடகத்தின் மேல் இறங்கி, ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

திருப்பத்தூர் சந்தனம்

கேள்வி: ஷிமோகாவில் இருக்கிறது, ஜவ்வாதில் ஏன் இல்லை? எங்க மலையிலும் மரம் இருக்கே.

மலைக்காட்டான்

இருந்தது என்று சொல்லுப்பா.

ஆம்பூர் தோல்

வேலூரைப் பற்றிப் பெரியவர்கள் சொல்கிற கேலி தெரியும்தானே? தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். 1981இல் ஜலகண்டேஸ்வரரைத் திரும்பக் கோட்டைக்குள் வைத்துவிட்டதால் கடைசி ஒன்று மட்டும் தீர்ந்தது. மற்றது அப்படியே இருக்கிறது.

விளையாட்டை விடுங்கள். ஆகும்பேயில் ஆண்டுக்கு 7000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. வேலூரில் சுமார் 1000. நம்ம காடு கோடையில் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். மரப்பட்டையில் ஒட்டி எறும்பு தின்று வாழ்கிற பிராணிக்கு நிழல் வேண்டும், வருஷம் முழுக்க ஈரம் வேண்டும். முட்டையிட மட்டும்தான் பெண் ஓணான் தரைக்கு வரும். மூக்கால் மண்ணைக் குத்திக் குழி பண்ணி, முட்டையிட்டு மூடிவிட்டு மறுபடி மேலே. சித்திரை மாசத்து அமிர்தி மண்ணில் மூக்கை வைத்துக் குத்தினால் மூக்குதான் உடையும்.

காட்பாடி பிசிக்ஸ்

மழை சரி. ஆனால் மழை மட்டும் காரணம் என்றால் அமேசானில் ஏன் இல்லை? அங்கே மழைக்கா பஞ்சம்?

உலகத்தில் சறுக்குகிற பிராணிகள் ரொம்பவும் குவிந்திருப்பது தென்கிழக்கு ஆசியாவில்தான். டிராகோவில் மட்டும் சுமார் 40 இனம், பெரும்பாலும் அங்கேதான். கூடவே பறக்கும் பாம்பு, பாராசூட் பல்லி, பறக்கும் தவளை, பறக்கும் அணில், கொலுகோ என்கிற பாலூட்டி. ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லாத கூட்டம், எல்லாம் தனித்தனியாக இந்த வித்தையைப் பிடித்திருக்கின்றன. அமேசானில் அதற்குப் பதில் வாலால் கிளையைப் பிடிக்கிற பிராணிகள் அதிகம்.

ஒரு விளக்கம், போர்னியோ மாதிரிக் காடுகளில் மரங்கள் ரொம்ப உயரம், ஒன்றுக்கொன்று இடைவெளி, அமேசானைப் போல் மரத்தையும் மரத்தையும் கட்டிப்போடுகிற கொடிகள் குறைவு. கொடி இருந்தால் நடந்து போகலாம், இல்லாவிட்டால் குதிக்கத்தானே வேண்டும். அங்கே டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்கள்தான் ராஜா. மலேசியாவின் சபா மாநிலத்தில் டேனம் பள்ளத்தாக்கில் ஒரு மரத்தை 2019இல் ஏறி நாடா விட்டு அளந்தார்கள், 100.8 மீட்டர்.

திருப்பத்தூர் சந்தனம்

அக்கா, அந்தக் குடும்பம் நம்ம பக்கமும் உண்டு. சால் மரம், குங்கிலியம் எல்லாம் அதே வகையறா. திருப்பதி மலையில் ஷோரியா தும்புக்காயா நிற்கிறது. குடும்பம் மட்டும் போதாது போல.

எனக்கு அந்தக் கொடி விளக்கம் முழுசாக ஒத்துவரவில்லை. பாக்குத் தோப்பில் என்ன நூறு மீட்டர் உயரமா? அங்கேயும் சந்தோஷமாக இருக்கிறதே. உயரத்தை விட, கீழே புதர் இல்லாத திறந்த இடம்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். நெருக்கமான கிளைக்குள் விசிறியை விரித்தால் கிழிந்துபோகாதா?

காட்பாடி பிசிக்ஸ்

பாக்குத் தோப்பு நல்ல பாயிண்ட், ஒத்துக்கொள்கிறேன். வரிசையாகத் தூண் நட்டு நடுவில் காலியாக விட்ட இடம் அது. ஓணானுக்கு ஓடுதளம் போட்டுக் கொடுத்த மாதிரி. ஆனால் அது ஏற்கெனவே சறுக்கத் தெரிந்த ஓணான் குடியேறிய இடம். வித்தை முதலில் எந்தக் காட்டில் உருவானது என்பது வேறு கேள்வி.

இன்னொன்று. இந்த விசிறியின் நிறமும் காட்டைப் பொறுத்தது. போர்னியோவில் ஒரே இனத்து ஓணான், அலையாத்திக் காட்டில் சிவந்த விசிறியோடும், உள்காட்டில் பழுப்பும் பச்சையுமான விசிறியோடும் இருக்கிறது. அந்தந்தக் காட்டில் உதிர்கிற இலையின் நிறம். மரத்திலிருந்து ஒன்று சறுக்கினால் பருந்துக்கு இலை விழுந்த மாதிரி இருக்கும்.

சைதாப்பேட்டை லாட்ஜ்

வேலூர் சைதாப்பேட்டைங்க, மெட்ராஸ் இல்ல. ஆஸ்பத்திரிக்கு வர்ற வெளியூர்க்காரங்க தங்குற லாட்ஜ் நம்மளுது. இந்த இழையைப் படிச்சுட்டு நம்ம லாட்ஜ்ல தங்கியிருக்கிற மிசோரம்காரர் கிட்ட வீடியோவைக் காட்டினேன். அவரு சிரிச்சுட்டு, எங்க ஊர்ல பறக்குற பல்லியே கீதுன்னார். நான் நம்பல. யாராச்சும் விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்கபா.

காட்பாடி பிசிக்ஸ்

அவர் சொன்னது உண்மை அண்ணா. 2023இல்தான் அதைத் தனி இனமாக விவரித்து மிசோரம் பெயரையே வைத்தார்கள், கெக்கோ மிசோரமென்சிஸ். நிக்கோபாரிலும் இந்த வகையில் ஒன்று உண்டு. விலா எலும்பு விஷயம் இதில் இல்லை. உடம்பு ஓரமெல்லாம் தோல் தொங்கும், விரல்களுக்கு நடுவே வாத்துக்கு இருப்பது போல் சவ்வு, வாலில் ரம்பப் பல் மாதிரி ஓரம். விழும்போது காற்றே அந்தத் தோலைத் தூக்கி விரிக்கிறது. ஓணான் அளவுக்குத் தூரம் போகாது. மரத்தில் உட்கார்ந்தால் அதே தோலைப் பட்டை மேல் பரப்பி நிழல் விழாமல் மறைத்துக்கொள்ளும். முதலில் மறைவதற்கு வந்த தோல், அப்புறம் பாராசூட்டுக்கும் பயன்பட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது நம்பும்படி இருக்கிறது.

பழைய எலும்பு

ரெண்டு வரி நானும். விலா எலும்பு இறக்கை புதுசு இல்லை. டைனோசர் காலத் தொடக்கத்திலேயே, டிரையாசிக் காலத்தில், குயினியோசாரஸ் என்று ஒன்று இங்கிலாந்துப் பக்கம் இதே வேலையைச் செய்தது. அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் 1960இல் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் கண்டெடுத்தது இகாரோசாரஸ். அதற்கும் முன்னால், 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பெர்மியன் காலத்தில், வைகெல்டிசாரஸ் என்று ஒன்று. அதன் இறக்கைக் கம்பிகள் விலா எலும்பே இல்லை, தனியாக முளைத்த எலும்புகள். இவற்றில் எதுவும் டிராகோவின் பாட்டன் இல்லை. ஒரே யோசனை வேறு வேறு வீட்டில் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

குடியாத்தம் வாத்தியார்

எல்லாம் அருமை. ஆனால் என் தலைக்கு மேல் போனது என்ன?

சித்தூர் பார்டர்

இத்தனை நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன், இப்போது ஒரு குண்டு போடுகிறேன். கால் தெரியவில்லை என்கிறீர்கள். பறக்கும் பாம்பாக ஏன் இருக்கக் கூடாது?

இலங்கையில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருந்த ஒரு பறக்கும் பாம்பு திருப்பதி பக்கத்துச் சேஷாசலம் காட்டில் கிடைத்தது. 2015இல் குறிப்பு வெளியானது. கிரிசோபீலியா தாப்ரபானிகா என்று பெயர். தாப்ரபேன் என்பது இலங்கைக்குக் கிரேக்கர் சொன்ன பெயர், தாமிரபரணியிலிருந்து வந்தது என்பார்கள். வேலூரிலிருந்து திருப்பதி நூறு கிலோமீட்டர் சொச்சம். சேஷாசலமும் நம்ம மாதிரிக் காய்ந்த காடுதான், செம்மரக் காடு. ஆக, சறுக்குகிற பிராணி என்றாலே மழைக்காடு வேண்டும் என்ற கதை பாம்புக்குப் பொருந்தாது.

ஆம்பூர் தோல்

அடேயப்பா. இது எனக்குப் புதுசு.

காட்பாடி பிசிக்ஸ்

பாம்பு விஷயம்தான் எனக்கு எல்லாவற்றையும் விட ஆச்சரியம். விசிறி இல்லை, சவ்வு இல்லை, கை கால் இல்லை. குழாய் மாதிரி உடம்பு. அது எப்படிச் சறுக்கும்?

கிளையிலிருந்து உடம்பைத் தொங்கவிட்டு, தூண்டில் முள் மாதிரி வளைத்து எம்பும். எம்பியதும் விலா எலும்புகளை விரித்து உடம்பைத் தட்டையாக்கும். அகலம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், வயிற்றுப் பக்கம் கொஞ்சம் குழிந்துகொள்ளும். பாதியாகப் பிளந்த மூங்கிலைக் கவிழ்த்த மாதிரி. அப்புறம் காற்றிலேயே நெளிந்துகொண்டு போகும், தண்ணீரில் நீந்துவது போல.

அந்த நெளிவு எதற்கு என்று ரொம்ப நாள் சண்டை. அமெரிக்காவில் வர்ஜீனியா டெக்கில் ஜேக் சோச்சாவின் குழு பாம்பு உடம்பில் சின்னச் சின்னப் பளபள நாடா ஒட்டி, நாலு மாடி உயர அரங்கத்தில் குதிக்கவிட்டு, சுற்றிலும் வேகக் கேமரா வைத்து எடுத்தார்கள். 2020இல் வெளியிட்டார்கள். பக்கவாட்டில் ஒரு அலை, கூடவே மேலும் கீழுமாக இன்னொரு அலை, அது முதல் அலையைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில். கணினியில் நெளியாத பாம்பு ஒன்றைச் செய்து விட்டால் அது தலைகுப்புறக் கவிழ்ந்துவிடுகிறது. நெளிவுதான் கவிழாமல் காக்கிறது.

ஆனால் வாத்தியார் சார், நீங்கள் நெளிவைப் பார்த்தீர்களா?

குடியாத்தம் வாத்தியார்

இல்லை. வளைந்த கம்பி மாதிரி போனது. நெளிந்ததாக ஞாபகம் இல்லை.

மலைக்காட்டான்

அதான் சொன்னேன். கொம்பேறி மூக்கன்.

வாலாஜா வெற்றிலை

கொம்பேறி மூக்கனா! கடிச்சுட்டு, செத்தாரா இல்லையான்னு பார்க்க சுடுகாட்டு மரத்துல ஏறி உட்காருமே! சார், ஜாக்கிரதை, திரும்ப அந்தப் பக்கம் போகாதீங்க. கண்ட இடத்தில் அடிச்சுடணும்.

சித்தூர் பார்டர்

அண்ணே, அந்தக் கதையை எங்க பாட்டியும் சொல்வார்கள். கொம்பேறி மூக்கனுக்கு விஷமே கிடையாது. மரத்தில் வாழ்கிற பாம்பு மரத்தில்தான் ஏறும், சுடுகாடாக இருந்தாலும் வீட்டு முருங்கையாக இருந்தாலும். பறக்கும் பாம்புக்குக் கொஞ்சம் விஷம் உண்டு, பின்பல்லில். பல்லியை, சின்னப் பிராணியை அடக்கத்தான் அது. ரெண்டும் நெருங்கிய உறவு, ரெண்டையும் அடிக்க வேண்டாம். தெரியாத பாம்பைக் கையில் பிடிக்கவும் வேண்டாம், அது வேறு விஷயம்.

வாத்தியார் சார், சேஷாசலப் பாம்பென்றால் பச்சை மஞ்சள் உடம்பில் கறுப்புக் குறுக்குப் பட்டை இருக்கும். கொம்பேறி மூக்கன் என்றால் முதுகு நெடுக வெண்கல நிறத்தில் ஒரு கோடு. முடிந்தால் அதே இடத்துக்குப் பகலில் போய்ப் பாருங்கள்.

குடியாத்தம் வாத்தியார்

போய்வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே. பி.டி. வாத்தியாரும் வந்தார், கேமராவும் வந்தது, எலுமிச்சை சாதமும் வந்தது. சாதத்தை ஒன்பது மணிக்குக் குரங்கு கொண்டுபோய்விட்டது.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். "ரோட்டைக் கடந்து" என்று எழுதினேன் அல்லவா? கீழே ரோடு எட்டு எட்டு அகலம். ஆனால் அண்ணாந்து பார்த்தால் வலப்பக்கத்துப் புளியமரத்தின் கிளை ரோட்டுக்கு மேலேயே பாதிக்கு மேல் நீண்டிருக்கிறது. இடப்பக்கத்துக் கிளையும் கொஞ்ச தூரம் வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே ஆறடி இருந்தால் அதிகம். பைக்கில் போகிறவன் கண்ணுக்கு அது முழு ரோடாகத் தெரிந்திருக்கிறது.

பதினோரு மணி வரை ஒன்றும் இல்லை. எழுந்து கிளம்பும்போது புளியமரத்துக் கிளையில் ஒரு குச்சி நகர்ந்தது. மெலிசான பாம்பு, பழுப்பு. முதுகில் வெண்கலக் கோடு, நடுவில் சந்தேகமே இல்லை. தலையை வெளியே நீட்டி, உடம்பில் பாதி ஆதாரம் இல்லாமல் காற்றில் நேராக நின்றது. கம்பி மாதிரி. கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தது. பிறகு ஒரு எம்பு, பக்கத்துக் கிளையில் இருந்தது. இரண்டடி இருக்கும். படம் எடுத்தேன், கிளை மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது.

மலைக்காட்டான் ஐயா, நீங்கள் முதல் நாளே சொன்னது சரி. சித்தூர் ஐயாவின் பாம்பாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆசையாகத்தான் இருந்தது.

மலைக்காட்டான்

பரவாயில்ல சார். பி.டி. வாத்தியார் என்ன சொல்றார்?

குடியாத்தம் வாத்தியார்

இன்றைக்குப் பார்த்தது வேறு, அன்றைக்குப் பார்த்தது வேறு என்கிறார். நாலு கால் இருந்ததாம். அடுத்த ஞாயிறும் போக வேண்டுமாம், இந்த முறை சாதத்தை டிபன் பாக்ஸில் எடுத்து வரச் சொல்கிறார்.